நான்கு சக்கரமும் இழுக்கும் லாரி: தோற்றமும் பயனும்

நான்கு சக்கர வண்டி என்றால் என்ன என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால், கார், வேன், லாரி என்று அடுக்குவார்கள். அவ்விடை பிழையன்று. ஆனால் தோட்டத்து ஓட்டுநர் 'போர் வீல்' என்று சொல்லும்போது அவர் குறிப்பது சக்கரங்களின் எண்ணிக்கையை அன்று. இஞ்சினின் ஆற்றல் எத்தனை சக்கரங்களுக்குச் செல்கிறது என்பதையே குறிக்கிறார். வழக்கமான லாரியில் பின்சக்கரங்கள் மட்டுமே உந்தும். முன்சக்கரங்கள் திசை காட்டிக்கொண்டு உருளும். நான்கும் சேர்ந்து உழைக்கும் வண்டியே இக்கட்டுரையின் பொருள். தமிழில் இதனை 'நாற்சக்கர இயக்கம்' என்று எழுதுகின்றனர். பொருள் மயங்காத சொல்லாதலால் அதனையே ஈண்டும் கொள்வோம்.

இவ்வகை வண்டியைப் போர்க்காலத்து ஜீப் வண்டியே முதன்முதலில் உலகுக்குத் தந்தது என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. ஆசிரியர் சிலரும் வகுப்பில் அவ்வாறே சொல்லக் கேட்டிருக்கிறேன். வரலாறு அவ்வாறு கூறவில்லை. ஜீப் பிறப்பதற்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே இக்கருத்துத் தோன்றிவிட்டது. போர் அதனை வளர்த்ததேயன்றி ஈன்றெடுக்கவில்லை.

1893-ஆம் ஆண்டில் பிராமா ஜோசப் டிப்ளாக் என்னும் ஆங்கிலப் பொறியாளர், நீராவியால் ஓடும் இழுவை வண்டி ஒன்றிற்கு நாற்சக்கர இயக்கம் அமைத்து உரிமம் பெற்றார். 1900-ஆம் ஆண்டளவில் வியன்னா நகரில் லோனர் நிறுவனத்தில் பணிபுரிந்த இளைஞரான பெர்டினாண்டு போர்ஷே, சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மின்மோட்டாரைப் பொருத்தி நான்கு சக்கரங்களையும் சுழலச் செய்தார். (வண்டிச் சக்கரத்தின் நடுப்பகுதிக்குக் குடம் என்று பெயர் இருப்பதை இன்றைய பிள்ளைகள் அறியார், மாட்டுவண்டியோடு அச்சொல்லும் போய்விட்டது.) 1903-இல் ஹாலந்து நாட்டு ஸ்பைக்கர் சகோதரர்கள் பெட்ரோலில் ஓடும் நாற்சக்கர இயக்கக் கார் ஒன்றைக் கட்டினர். அவ்வண்டி அழியாமல் ஹேக் நகரத்துக் காட்சிசாலையில் வைக்கப்பட்டிருக்கிறது. 1907-இல் ஜெர்மனியின் டைம்லர் ஆலை, குடியேற்ற நாடுகளுக்குப் பொறுப்பாயிருந்த டெர்ன்பர்க் என்னும் அமைச்சருக்காக ஒரு வண்டி செய்தது. தென்மேற்கு ஆப்பிரிக்காவின் மணல்வெளிகளில் அவர் அதில் சுற்றினார். அந்நாடே இன்றைய நமீபியா.

இவையெல்லாம் ஒன்றிரண்டாகச் செய்யப்பட்டவை. பெருகாமைக்குக் காரணம் யாது? முன்சக்கரம் இரண்டு வேலைகளை ஒருங்கே செய்ய வேண்டியிருப்பதே காரணம். அது இடமும் வலமும் திரும்ப வேண்டும்; திரும்பிய நிலையிலேயே இஞ்சினின் ஆற்றலையும் பெற வேண்டும். பின்னச்சு திரும்புவதில்லை, ஆதலால் அங்கே நேரான தண்டு போதும். முன்னச்சிலோ, தண்டு நடுவே மடங்கவும் வேண்டும், மடங்கியபடியே சுழலவும் வேண்டும். அக்காலத்து மூட்டுகள் அவ்வேலையில் விரைவில் தேய்ந்தன. மண்ணும் நீரும் புகுந்தால் உடைந்தன. முன்சக்கரத்து மூட்டை வென்றவர்க்கே வெற்றி என்னும் நிலை இருந்தது.

அதனை வென்றவர் பெரிய ஆலை முதலாளி அல்லர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கிளின்டன்வில் என்னும் சிற்றூரில் பட்டறை வைத்திருந்த ஆட்டோ சாக்கோவும், அவருடைய மைத்துனர் வில்லியம் பெசர்டிச்சுமே அவர்கள். சாக்கோவின் கார் ஒருமுறை மணலில் சிக்கி முன்னோக்கி ஏற மறுத்ததென்றும், திருப்பிப் பின்னோக்கி ஓட்டியதும் ஏறிவிட்டதென்றும், அதிலிருந்தே முன்சக்கரமும் இழுத்தால் என்ன என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றிற்றென்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், அதில் உள்ள உண்மை ஆழமானது. வெறுமனே தள்ளப்படும் சக்கரம் எதிரில் உள்ள மணலைக் குவித்து அதிலேயே புதையும். தானே சுழலும் சக்கரமோ அம்மணல்மேல் ஏறிக்கொள்ளும். பின்னோக்கி ஓட்டும்போது சுழலும் சக்கரம் முன்னே போகிறது அல்லவா?

தண்டின் மூட்டை உருண்டையான ஓர் உறைக்குள் அடைத்து, மண் புகாமல் காத்து, அவ்வுறையின் மீதே சக்கரம் திரும்புமாறு அவர்கள் செய்தார்கள். 1908 டிசம்பரில் சாக்கோ அதற்கு உரிமம் பெற்றார். அவர்கள் கட்டிய கார் கரடுமுரடான தோற்றத்தால் 'போர்க்கப்பல்' எனப் பெயர் பெற்றது. அதன்பின் நிறுவப்பட்ட கம்பெனி எப்.டபிள்யூ.டி. என்னும் எழுத்துகளால் அறியப்பட்டது. கார் வாங்க ஆளில்லை. ஆயினும் லாரிக்குத் தேவை இருந்தது. 1912-இல் அமெரிக்க இராணுவம் சில லாரிகளை வாஷிங்டனிலிருந்து அட்லாண்டா வழியாக இந்தியானா வரை ஏறத்தாழ 1,500 மைல் ஓட்டிச் சோதித்தது. மாரிக்காலத்துச் சேற்றில் நடந்த அச்சோதனையில் கிளின்டன்வில் லாரியும் சென்றது. குதிரையையும் கோவேறு கழுதையையும் நம்பியிருந்த தளபதிகள் லாரியைப் பொருட்படுத்தத் தொடங்கிய காலம் அதுவே.

அடுத்த ஆண்டில் அதே மாநிலத்தின் கெனோஷா நகரில் ஜெப்ரி கம்பெனி 'குவாட்' என்னும் லாரியை வெளியிட்டது. இதில் நான்கு சக்கரங்களும் இழுக்கும்; நான்கும் திரும்பும். 1916-இல் ஜெனரல் பெர்ஷிங் மெக்சிகோவுக்குள் படை நடத்தியபோது இவை பின்தொடர்ந்தன. முதல் உலகப் பெரும்போரில் எப்.டபிள்யூ.டி. லாரிகளும் குவாட் லாரிகளும் பல்லாயிரக்கணக்கில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. அமெரிக்கா போரில் இறங்குமுன்னரே பிரிட்டன் அவற்றை வாங்கத் தொடங்கிவிட்டது. ஆடவர் போர்முனைக்குச் சென்றதால் கிளின்டன்வில் ஆலை பெண்களைப் பணிக்கு எடுத்தது. அவர்களுள் 1918-இல் சேர்ந்த லுவெல்லா பேட்ஸ் என்னும் இளம்பெண் மூன்று டன் லாரிகளை ஓட்டிச் சோதிக்கும் பணியைச் செய்தார். போர் ஓய்ந்த பின் அதே லாரியை ஊர் ஊராக ஓட்டிக் காட்டவும் கம்பெனி அவரையே அனுப்பியது. பெண்பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க செய்தி இது.

போர் முடிந்ததும் மிகுந்த லாரிகளை அமெரிக்க அரசு மாநிலங்களுக்குச் சாலை அமைக்கக் கொடுத்தது. பனி தள்ளவும் தீயணைக்கவும் அவை பயன்பட்டன. 1931-இல் மார்மன்-ஹெரிங்டன் என்னும் கம்பெனி தோன்றி, சில ஆண்டுகளில் சாதாரண போர்டு லாரிகளை நாற்சக்கர இயக்கத்துக்கு மாற்றிக் கொடுக்கும் தொழிலை நடத்தியது. ஜப்பானிலும் 1936 முதல் குரோகானே என்னும் சிறிய நாற்சக்கர இயக்க வண்டி இராணுவத்துக்குச் செய்யப்பட்டது. ஜீப்புக்கு அது மூத்தது.

1940 ஜூலையில் அமெரிக்க இராணுவம் 135 கம்பெனிகளுக்கு எழுதி, சிறிய நாற்சக்கர இயக்க வண்டி ஒன்றின் மாதிரியை 49 நாட்களில் தரவேண்டும் என்றது. பென்சில்வேனியாவில் நொடித்துப்போகும் நிலையில் இருந்த பாண்டம் என்னும் சிறு கம்பெனி அதனைச் செய்து முடித்தது. செப்டம்பர் 23-ஆம் நாள், குறித்த நேரம் முடிய அரைமணி நேரமே இருக்கையில், மாதிரி வண்டி இராணுவ முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆயினும் பெருந்தொகையான வண்டிகளைச் செய்யும் பணி வில்லிசுக்கும் போர்டுக்கும் போயிற்று. அவ்விரண்டும் சேர்ந்து ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. உழைத்தவன் ஒருவன், உண்டவன் வேறொருவன் என்பதற்குப் பாண்டம் ஒரு சான்று.

இதுகாறும் சொன்னது வண்டி பிறந்த வரலாறு. இனி, ஓட்டுநர்க்கு வேண்டியதும் பலரும் தவறாகவே அறிந்திருப்பதுமான பகுதிக்கு வருவோம். நாற்சக்கர இயக்கம் இருக்கும்போது அதனை ஏன் எப்போதும் பயன்படுத்தக்கூடாது? ஜீப்பில் அதற்கெனத் தனிக் கைப்பிடி வைத்தது எதற்காக?

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் நெடுந்தொலைவும் உட்பக்கச் சக்கரம் குறுந்தொலைவும் ஓடுகின்றன. இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கினால் ஒன்று தரையில் தேய்ந்தாக வேண்டும். இதனைத் தீர்க்கவே டிபரென்ஷியல் என்னும் பல்சக்கர அமைப்பு உண்டு. 1827-இல் பெக்கர் என்னும் பிரெஞ்சுக்காரர் அதனை வண்டிக்கு அமைத்தார். அது தரும் நன்மையோடு ஒரு தீமையும் உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் பிடிப்பின்றிச் சுழலத் தொடங்கினால் ஓட்டமெல்லாம் அதற்கே போய்விடும். கெட்டியான தரையில் இருக்கும் மறுசக்கரம் சும்மா நிற்கும். பின்சக்கரம் ஒன்று சேறு வாரி இறைக்க, மற்றொன்று அசையாமல் நிற்பதைத் தோட்டத்தில் பார்க்காதவர் இலர். முன்னச்சையும் இணைத்தால், முன்னால் கெட்டியான தரையில் உள்ள சக்கரங்கள் வண்டியை இழுத்துவிடும். நாற்சக்கர இயக்கத்தின் பயன் இவ்வளவே, இது சிறிதன்று.

ஆனால் திருப்பத்தில் இடச்சக்கரமும் வலச்சக்கரமும் வேறுபடுவதுபோலவே, முன்னச்சும் பின்னச்சும் வேறுபடுகின்றன. முன்சக்கரங்கள் அகன்ற வட்டத்திலும் பின்சக்கரங்கள் குறுகிய வட்டத்திலும் ஓடும். ஆகவே இரண்டு அச்சுகளுக்கும் நடுவிலும் ஒரு டிபரென்ஷியல் வேண்டும். டிப்ளாக் 1893-இலேயே மூன்று டிபரென்ஷியல்கள் அமைத்தார். கிளின்டன்வில் லாரியிலும் நடுவில் ஒன்று இருந்தது. ஜீப்பைச் செய்தவர்களோ எடையும் செலவும் குறைய வேண்டி அதனை விட்டுவிட்டு, ஓட்டுநர் கையில் ஒரு கைப்பிடியைக் கொடுத்தனர். சேற்றில் முன்னச்சை இணைத்துக்கொள், நல்ல சாலையில் கழற்றிவிடு என்பதே இதன் பொருள். பொறி செய்ய வேண்டிய வேலையை மனிதன் செய்யும்படி ஆயிற்று. நாற்சக்கர இயக்கத்தை எப்போது பயன்படுத்துவது என்னும் கேள்வி பிறந்ததும் இங்கேதான்.

சேற்றிலும் மணலிலும் செம்மண்ணிலும் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் உள்ள வேறுபாட்டைச் சக்கரம் சற்றே வழுக்கித் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. தண்டுகளிலும் பற்களிலும் முறுக்கு ஏறிக்கொண்டே போகும், திருப்பத்தில் வண்டி யாரோ பிடித்து இழுப்பதுபோலத் தயங்கும், டயர் தேயும், முறுக்கு மிகுந்தால் ஏதேனும் ஒன்று உடையும். சேற்றைக் கடந்து தார்ச்சாலைக்கு வந்தபின் கைப்பிடி வர மறுத்தால், அதற்குக் காரணம் பெரும்பாலும் இம்முறுக்கே. வண்டியைச் சில அடி பின்னோக்கி விட்டால் முறுக்குத் தளர்ந்து கைப்பிடி எளிதில் வரும். இதை அறியாமல் பலங்கொண்ட மட்டும் இழுத்துக் கைப்பிடியை வளைத்தவர்களும் உண்டு.

இரண்டாவது கைப்பிடியின் செய்தி வேறு. அது தாழ்ந்த கியருக்கு உரியது. அதனால் சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பு மிகுவதாகப் பலர் எண்ணுகின்றனர். பிடிப்பு மிகுவதில்லை. சக்கரம் மெல்லச் சுழலும். சுழற்றும் வலிமை பெருகும். செங்குத்தான மேட்டில் பாரத்தோடு ஏறவும், பாறையும் வேரும் உள்ள இடத்தில் ஊர்ந்து செல்லவும், மூழ்கிய மற்றொரு வண்டியைக் கட்டி இழுக்கவும் அது வேண்டும். வழவழப்பான களிமண்ணில் அதன் மிகுந்த வலிமையே சக்கரத்தை வீணாகச் சுழலச் செய்யும். ஆதலின் அங்கே உயர்ந்த கியரில் நாற்சக்கர இயக்கத்தோடு, இரண்டாவது மூன்றாவது கியரில் சீராகச் செல்லுதலே நலம். இறக்கத்திலோ தாழ்ந்த கியரின் அருமை முழுதும் தெரியும். மழையில் நனைந்த செம்மண் சரிவில் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சக்கரம் நின்றுவிடும். வண்டி நில்லாது சறுக்கும். தாழ்ந்த முதல் கியரில் இட்டுக் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துவிட்டால், இஞ்சினே நான்கு சக்கரங்களையும் பிடித்துக்கொண்டு மெல்ல இறக்கும். கிளச்சை மிதிப்பது அந்நேரத்தில் செய்யத்தகாத செயல்.

பொதுவாக, சிக்கிய பின் முன்னச்சை இணைப்பதைவிட, சிக்கும் இடத்தைக் கண்டதும் இணைத்துக்கொண்டு நுழைவதே முறை. அச்சு வரை புதைந்த வண்டிக்கு நான்கு சக்கரமும் சுழன்றால் நான்கு குழிகளே மிச்சம். இன்னொன்றும் உண்டு. வெறுமையான லாரிக்குப் பின்புறம் பளுவில்லை. பின்சக்கரத்துக்குப் பிடிப்பும் குறைவு. செம்பனைக் குலை ஏற்றப் போகும்போது மேட்டில் வழுக்கும் வண்டி, குலையை ஏற்றி வரும்போது அதே மேட்டில் வழுக்காமல் வருவதற்கு இதுவே காரணம். மண் மென்மையானால் கதை மாறும் என்பதையும் மறத்தலாகாது.

இவையெல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. நாற்சக்கர இயக்கம் வண்டியைப் புறப்படச் செய்யும். பிரேக் போட்டு நிறுத்த உதவாது. பிரேக் எல்லா வண்டியிலும் நான்கு சக்கரத்துக்கும் உண்டு. நனைந்த சாலையில் இவ்வண்டி நிற்கும் தூரம் மற்ற வண்டியைவிடக் குறைவதில்லை. மேடேறும்போது தடுமாற்றம் தெரியாமல் ஏறிவிடுவதால், சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பதையே ஓட்டுநர் உணராமற் போகிறார். தோட்டப் பாதைகளில் லாரியின் பின்புறத்திலும் டிராக்டர் பெட்டியிலும் தொழிலாளரும் பள்ளிப் பிள்ளைகளும் நெடுங்காலம் பயணம் செய்தார்கள். அவர்களுடைய உயிர் ஓட்டுநரின் இவ்வறிவைச் சார்ந்திருந்தது. அவ்வறிவை அவர்க்கு யார் கற்பித்தார்கள்? வண்டியில் பொறித்திருந்த தகடு ஆங்கிலத்தில் இருந்தது. ஒருவர் செய்வதைப் பார்த்து ஒருவர் செய்ததே கல்வியாயிற்று.

நம் நாட்டுக்கு இவ்வகை வண்டிகள் இரு வழிகளில் பரவின. ஒன்று, போர் விட்டுச்சென்ற இராணுவ லாரிகள். அவற்றை மரம் வெட்டும் தொழிலாளர் வாங்கி, விஞ்சும் கம்பிவடமும் பொருத்தி, காட்டுக்குள்ளிருந்து மரக்கட்டைகளை இழுத்துவரச் செய்தனர். சீனத் தொழிலாளர் அதற்குச் 'சான் தாய் வோங்' என்று பெயரிட்டனர். மலையரசன் என்பது அதன் பொருள். இந்தப் பெயருக்கு ஈடான பெயரைக் கம்பெனிகள் எவையும் தம் வண்டிக்குச் சூட்டியதில்லை என்பேன். மற்றொன்று லேண்ட்ரோவர். ரோவர் கம்பெனியின் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்சு நாட்டு ஆங்கிள்சி தீவில் தமக்கிருந்த நிலத்தில் பழைய ஜீப் ஒன்றை உழைக்க விட்டிருந்தார். அது தேய்ந்தால் வேறு எதை வாங்குவது என்னும் கேள்வியிலிருந்தே லேண்ட்ரோவர் பிறந்தது. 1948 ஏப்ரல் 30-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளிவந்தது. எஃகு தட்டுப்பாடான காலமாதலால் உடலை அலுமினியக் கலவையால் செய்தனர். நம் நாட்டின் ஈரத்தில் அவ்வுடல் துருப்பிடிக்காமல் நின்றது தட்டுப்பாட்டால் விளைந்த நன்மை. அதே 1948-இல் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை நீடித்தது. போலீசாரும் படையினரும் தோட்டத்துத் துரைமாரும் லேண்ட்ரோவரில் சென்றனர். கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களில் பழைய லேண்ட்ரோவர்கள் பல பத்தாண்டுகள் கோசும் தக்காளியும் சுமந்தன.

முதல் லேண்ட்ரோவர்களில் முன்னச்சு எப்போதும் இணைந்தே இருந்தது. முறுக்கு ஏறாதிருக்க அதில் ஒருவழிச் சுழற்சி அமைப்பு ஒன்றை வைத்திருந்தனர். 1950-இல் அதனை நீக்கி, ஓட்டுநரே தேர்ந்துகொள்ளும் முறைக்கு மாற்றினர். மஞ்சள் குமிழியை அமுக்கினால் உயர்ந்த கியரில் நான்கு சக்கரமும் இணையும். சிவப்புக் குமிழியைப் பின்னுக்கு இழுத்தால் தாழ்ந்த கியரும் நான்கு சக்கரமும் சேர்ந்து வரும். மீண்டும் இருசக்கர ஓட்டத்துக்கு வர வேண்டின், சிவப்பைப் பின்னுக்கு இழுத்து மறுபடி முன்னுக்குத் தள்ள வேண்டும். மஞ்சள் தானே மேலெழும். எழுதப் படிக்க அறியாத முதிய டிரைவர் ஒருவர், நான் சிறுவனாயிருந்தபோது, "மஞ்சளை அமுக்கு, மழைக்கு, சிவப்பை இழு, மலைக்கு" என்று தம் உதவியாளருக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆங்கிலத் தகடு முழுவதும் அந்த எதுகை மோனைக்குள் அடங்கிவிட்டது.

1948-இலேயே அமெரிக்காவின் ஆர்தர் வார்ன் என்பவர், முன்சக்கரக் குடத்தைக் கையால் திருகிப் பூட்டவும் திறக்கவும் கூடிய அமைப்பைச் செய்தார். முன்னச்சு வேண்டாதபோது தண்டுகள் வீணே சுழலாதிருக்க அது உதவியது. மழையில் இறங்கி, சேற்றில் குனிந்து அதனைத் திருகிய ஓட்டுநர்களுக்கு அதன் அருமையும் தெரியும், அலுப்பும் தெரியும். பின்னர்ப் பழைய எண்ணமே திரும்பிற்று. 1966-இல் ஜென்சன், 1970-இல் ரேஞ்ச்ரோவர், 1980-இல் ஆடி குவாட்ரோ ஆகியவை நடு டிபரென்ஷியலோடு வந்தன. அவற்றைத் தார்ச்சாலையிலும் அப்படியே ஓட்டலாம். டிப்ளாக் 1893-இல் வரைந்ததற்கே பொறியாளர்கள் திரும்பி வந்தனர்.

ஆயினும் இன்று தோட்டங்களில் ஓடும் ஹைலக்ஸ் போன்ற வண்டிகள் பலவும் ஜீப்பின் வழிவந்தவையே. 1979-இல் ஹைலக்சுக்கு நாற்சக்கர இயக்கம் வந்தது. கைப்பிடி இருந்த இடத்தில் இப்போது திருகு குமிழி. அதில் 2எச், 4எச், 4எல் என்று மூன்று நிலைகள். முதலிலிருந்து இரண்டாவதற்கு ஓடும்போதே மாறிக்கொள்ளலாம். மூன்றாவதற்கு வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஓட்டுநரே திருக வேண்டும். நடு டிபரென்ஷியல் இல்லாத வண்டியில், 4எச் நிலையிலேயே காய்ந்த தார்ச்சாலையில் திருப்பினால், 1940-இல் ஜீப்புக்கு ஏறிய முறுக்கு இதற்கும் ஏறும்.